நகைச்சுவை மன்னரின் இல்லறம்

ஒரு நூலாசிரியரின் எழுத்தில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்களுக்கு, அவர் தம் வீட்டில் எப்படி இருந்தார் என்று அறிய ஆவல் எழுவது இயல்பே. ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவர் தம் மனைவியிடம் சிரித்துப் பேசினாரா? உலகுக்கெல்லாம் கதை சொன்னவர் தம் குழந்தைகளுக்குக் கதை சொன்னாரா? இவ்வினாக்களை வெறும் வம்பு என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவருடைய வீடே உரைகல். ஆகவே இத்திங்கள் அன்பர்களை ஓர் அமெரிக்க வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். ‘டாம் சாயர்’, ‘ஹக்கிள்பெரி ஃபின்’ என்னும் நாவல்களை எழுதிய மார்க் ட்வெயினின் வீடு அது.

மார்க் ட்வெயின் என்பது புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். 1835-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் மிசௌரி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் என்னும் ஊரில் வளர்ந்தவர். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்தார், ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டினார், மேற்குத் திசைக்குப் போய் வெள்ளிச் சுரங்கம் தேடினார், செய்தித்தாள்களுக்கு எழுதினார். முப்பது வயது கடந்தும், இது என் வீடு என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் இல்லாத நாடோடியாகவே திரிந்தார்.

அந்த நாடோடி 1867-இல் ஒரு கப்பலில் மத்தியதரைக் கடல் நாடுகளுக்குச் சென்றார். உடன் வந்த சார்லஸ் லாங்டன் என்னும் இளைஞர் தம் தமக்கையின் சிறு உருவப்படம் ஒன்றைக் காட்டினார். அப்படத்தைக் கண்ட நாள்முதல் அந்த முகம் தம் மனத்தை விட்டு அகலவில்லை என்று ட்வெயின் பிற்காலத்தில் எழுதினார். அப்பெண்தான் ஒலிவியா லாங்டன். வீட்டார் அழைத்த பெயர் லிவி. நியூயார்க் மாநிலத்து எல்மைரா நகரில் நிலக்கரி வாணிகம் செய்த பெருஞ்செல்வரின் மகள். பதினாறாம் வயதில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். மென்மையான உடலும் உறுதியான உள்ளமும் வாய்த்தவர்.

ட்வெயின் மணம் பேசினார், லிவி மறுத்தார். மீண்டும் பேசினார்; மீண்டும் மறுத்தார். அவர் விடவில்லை. கடிதத்தின் மேல் கடிதமாக ஏறத்தாழ இருநூறு கடிதங்கள் எழுதிக் குவித்தார். பெண்ணின் மனம் இளகிய பின், தந்தையார் மாப்பிள்ளையின் நடத்தையை விசாரிக்க மேற்குப் பகுதியிலிருந்த பெரிய மனிதர்களுக்கு எழுதினார். அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தவர் ட்வெயினே. வந்த மறுமொழிகளில் ஒன்றிலேனும் நல்ல சொல் இல்லை. உமக்கு இவ்வுலகில் நண்பர் ஒருவருமே இல்லையா என்று வியந்த பெரியவர், இறுதியில் தாமே நண்பராக இருந்து மகளைக் கொடுக்க இசைந்தார். 1870-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் எல்மைராவில் திருமணம் நடந்தது. பஃபலோ நகரில் தங்குவதற்கு எளிய விடுதி பார்த்திருப்பதாகவே ட்வெயினிடம் சொல்லியிருந்தார்கள். அங்கே போய் இறங்கினால், தட்டுமுட்டுச் சாமான்களும் வேலையாட்களுமாக ஒரு முழு வீடே காத்திருந்தது. மாமனார் தந்த மணப்பரிசு அது.

இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. அவ்வாண்டிலேயே மாமனார் காலமானார். நவம்பரில் லாங்டன் என்னும் ஆண் மகவு குறைமாதத்தில் பிறந்தது. 1872-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பத்தொன்பது மாதக் குழந்தையாக, தொண்டை அடைப்பான் நோயால் அது மறைந்தது. அதற்கு முன் ஒரு நாள் குளிர்காற்றில் குழந்தையை வண்டியில் அழைத்துச் சென்றபோது, போர்வை நழுவியதைத் தாம் கவனியாமல் இருந்துவிட்டதாக ட்வெயின் கடைசிவரை தம்மையே நொந்துகொண்டார். நோய்க்குக் காரணம் அதுவன்று; ஆயினும் பெற்ற மனம் அதை ஏற்கவில்லை.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்’ என்பது நம் பழமொழி. இரண்டாவதை முடித்த ட்வெயின் முதலாவதில் இறங்கினார். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்ட் நகரில், ‘டாம் மாமாவின் குடிசை’ எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் வீட்டுக்கு அண்மையில், இருபத்தைந்து அறைகள் கொண்ட செங்கல் மாளிகை எழுந்தது. லிவிக்குத் தந்தை வழி வந்த செல்வம் அதற்குப் பெரிதும் உதவிற்று. 1874-இல் அவர்கள் அதில் குடியேறினர். உணவறையில் கணப்பு அடுப்பின் புகைபோக்கியை இரு பக்கமும் பிரித்து, அடுப்புக்கு நேர் மேலே ஒரு சாளரம் வைத்திருந்தார்கள். கீழே தீயின் நாக்குகள் எழுவதையும் மேலே வானிலிருந்து பனி இறங்குவதையும் ஒரே பார்வையில் காணலாம். அவ்வீட்டில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர் வாழ்வின் பொற்காலம் அதுவே.

சூசி 1872-இலும், கிளாரா 1874-இலும், ஜீன் 1880-இலும் பிறந்தார்கள். நூலகத்தில் கணப்பு மாடத்தின் மேல் பொம்மைகளும் படங்களும் வரிசையாக இருந்தன. ஒரு கோடியில் பூனைப் படம். மறுகோடியில் எம்மலைன் என்று அவர்கள் பெயரிட்ட பெண்ணின் படம். குழந்தைகள் கதை கேட்டால் தந்தை பூனையில் தொடங்கி, இடையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் வரிசை தப்பாமல் கதையில் கோத்து, எம்மலைனில் முடிக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினாலும் ஒன்றை முன்பின்னாகச் சொன்னாலும் குழந்தைகள் விடமாட்டார்கள். நேற்றுச் சொன்ன கதையை இன்று சொல்லவும் கூடாது. உலகம் பொன் கொடுத்து வாங்கிய கற்பனையை அச்சிறுமியர் மாலைதோறும் இலவசமாக வாங்கிக்கொண்டனர்.

இரண்டாம் மாடியில் அவருக்கென்று அமைத்த படிப்பறையையும் குழந்தைகளே கைப்பற்றினர். அது அவர்களின் பாடசாலையாயிற்று. தாயாரே அங்கே ஆசிரியை. வீட்டின் தலைவர் தம் மேசையைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய், பில்லியர்டு ஆடும் அறையின் மூலையில் எழுதலானார். கோடைக்காலம் வந்துவிட்டால் குடும்பம் முழுவதும் எல்மைராவுக்கு அருகிலுள்ள குவாரிப் பண்ணைக்குப் போய்விடும். அது லிவியின் தமக்கை சூசன் கிரேனுடைய பண்ணை. மைத்துனர் அமைதியாக எழுத வேண்டுமென்று அந்த அம்மையார் குன்றின் மேல் எண்கோண வடிவில் தனி அறை ஒன்று கட்டிக் கொடுத்தார். காலை உணவு முடிந்ததும் அதில் நுழைந்தால் மாலையில்தான் இறங்கி வருவார். இடையில் அவசரமென்றால் கீழே வீட்டிலிருந்து கொம்பு ஊதுவார்கள். ‘டாம் சாயர்’, ‘ஹக்கிள்பெரி ஃபின்’ ஆகியவற்றின் பெரும்பகுதி அக்குன்றின் மேல் பிறந்தது.

பகலில் எழுதியதை மாலையில் பண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் குடும்பத்தார்முன் வைப்பார். எழுதுகோலுடன் லிவி படித்துக்கொண்டே வருவார். முரட்டுத்தனமான இடம் வந்தால் அடித்துவிடுவார். தங்களுக்குப் பிடித்த இடங்கள்தாம் அடிபடுகின்றன என்று குழந்தைகள் ஓலமிடுவார்கள். இந்த வேடிக்கையைக் காண்பதற்காகவே, அடிபடும் என்று தெரிந்த வரிகளைத் தாம் வேண்டுமென்றே சேர்த்து வைத்ததாக ட்வெயின் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மனைவி கணவரின் மேதையை முடக்கினார் என்று குறை கூறும் திறனாய்வாளர்களும் உளர். அக்குறையை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. மனைவியின் கண்ணுக்குத் தப்பாத எழுத்தே உலகின் கண்ணுக்கும் போகும் என்று எண்ணியவர் அவர்.

அவர் நாவில் வசைச் சொற்கள் தாராளம். மனைவியின் செவியில் விழாமல் பத்தாண்டுகள் காத்துவந்தார். ஒரு நாள் காலை குளியலறையில் சட்டையை எடுத்தார், பொத்தான் இல்லை. அடுத்த சட்டைக்கும் இல்லை. மூன்றாவதற்கும் இல்லை. சட்டைகளைச் சன்னல் வழியே எறிந்துவிட்டுத் தம் கைச்சரக்கு முழுவதையும் அவிழ்த்துவிட்டார். பிறகுதான் கதவு சற்றுத் திறந்திருப்பதைக் கண்டார். படுக்கையிலிருந்த லிவி, கணவர் இறுதியாக உதிர்த்த சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னார். வெட்கப்படுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க, அத்தூய வாயில் அச்சொற்கள் பொருந்தாமல் ஒலித்ததைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு பீறிட்டது, இருவரும் சிரித்தார்கள். தம்மினும் பத்து வயது மூத்த கணவரை லிவி ‘இளைஞர்’ எனப் பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்துவந்தார். அந்த அழைப்பின் பொருத்தம் நமக்கு இப்போது விளங்குகிறது.

ஆயினும் அவ்வீட்டில் எல்லாம் சிரிப்பே என்று சொல்லிவிட்டால் உண்மைக்குப் புறம்பாகும். அவருக்குச் சினம் மின்னலைப் போல் வரும். குழந்தைகள் தம்மைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதை 1886-ஆம் ஆண்டளவில் அறிந்தபோது அவர் திடுக்கிட்டுப் போனார். நாள்தோறும் கதை சொன்ன தந்தைக்கு, தம் குரலே குழந்தைகளுக்கு அச்சம் தருவது தெரியாமல் இருந்திருக்கிறது. இது எத்தனை வீடுகளின் கதை!

அக்குழந்தைகளுள் மூத்தவளான சூசி, பதின்மூன்றாம் வயதில், 1885-இல், ஒருவருக்கும் தெரியாமல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினாள். எழுத்துப் பிழைகள் நிறைந்த கையேடு. தந்தையின் சுருள்முடியைப் புகழ்ந்தாள், பற்களைப் புகழவில்லை, முன்கோபத்தை மறைக்கவில்லை. உலகம் அவரை வெறும் வேடிக்கை எழுத்தாளராகக் கருதுகிறதே என்று வருந்தினாள். இதைக் கண்டுபிடித்த பெற்றோரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. தமக்குக் கிடைத்த பாராட்டுகளுள் இதைவிட உயர்ந்தது எதுவுமில்லை என்றார் ட்வெயின். பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அவ்வேட்டின் பகுதிகளைச் சேர்த்தபோது ஒரு பிழையையும் அவர் திருத்தவில்லை. அப்பிழைகளைத் திருத்துவது குழந்தையின் உள்ளத்தையே அழிப்பதாகும் என்று கருதினார்.

இத்தகைய வீட்டைக் குலைத்தது வறுமையன்று, பேராசை. அச்செழுத்துகளைத் தானே கோக்கும் பொறி ஒன்றை ஜேம்ஸ் பேஜ் என்பவர் உருவாக்கி வந்தார். இளமையில் கையால் எழுத்துக் கோத்து அலுத்த ட்வெயினை அப்பொறி மயக்கிற்று. ஆழம் தெரியாமல் காலை விட்டார். ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ 3 இலட்சம் டாலர் அதில் மறைந்தது. பல்லாயிரம் நுண்ணிய உறுப்புகளால் ஆன அப்பொறி அடிக்கடி பழுதாகி நின்றது. அதற்குள் வேறொரு பொறி சந்தையைப் பிடித்துவிட்டது. அவர் பங்குகொண்ட பதிப்பகமோ, குடியரசுத் தலைவராயிருந்த கிராண்ட்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு அவருடைய கைம்பெண்ணுக்கு 2 இலட்சம் டாலர் காசோலை தந்த பெருமை உடையது. அதுவும் 1894-ஆம் ஆண்டு ஏப்ரலில் நொடித்தது. செலவு தாங்காமல் 1891-லேயே ஹார்ட்ஃபர்ட் வீட்டைப் பூட்டிவிட்டு ஐரோப்பாவில் குடித்தனம் நடத்திவந்த குடும்பம், இப்போது கடனாளிக் குடும்பமாயிற்று.

கடன் ஏறத்தாழ 1 இலட்சம் டாலர். சட்டப்படி ஒரு பகுதியைக் கொடுத்து மீதியிலிருந்து விடுபடலாம். வணிக உலகில் அது புதிதன்று. லிவி அதற்கு இசையவில்லை. ஒரு டாலருக்கு நூறு சென்டாகவே ஒவ்வொருவருக்கும் கொடுத்துத் தீர்க்க வேண்டுமென்று உறுதியாக நின்றார். கணவரும் அதுவே நெறி என்று ஏற்றார். அறுபதை நெருங்கிய வயதில், நலிந்த உடலுடன், உலகைச் சுற்றி மேடையேறிப் பேசிப் பொருளீட்டப் புறப்பட்டார்.

1895-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் இரவு எல்மைரா நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிற்று. லிவியும் கிளாராவும் உடன் சென்றனர். சூசியும் ஜீனும் பெரியம்மாவின் பொறுப்பில் நின்றனர். மின்விளக்கின் ஒளியில் மேடையில் நின்று சூசி கையசைத்துக் கொண்டிருந்தாள். அந்தக் காட்சி பெற்றோரின் கண்ணை விட்டு என்றும் மறையவில்லை.

அப்பயணம் அவர்களை நம் நாட்டுக்கும் கொணர்ந்தது. 1896-ஆம் ஆண்டு ஜனவரியில் பம்பாயில் வந்திறங்கினார்கள். விடுதியில் வெள்ளையர் ஒருவர் இந்தியப் பணியாள் ஒருவனை அறைந்ததையும், அவன் ஒன்றும் பேசாமல் தாங்கிக்கொண்டதையும் ட்வெயின் கண்டார். உடனே அவர் நெஞ்சம் ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கி ஓடிற்று. தம் தந்தை வீட்டில் அடிமைச் சிறுவன் ஒருவன் இவ்வாறே அடிபட்டது நினைவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். காசி, கல்கத்தா, டார்ஜிலிங், ஆக்ரா, தில்லி, இலாகூர் எனச் சுற்றி, மார்ச்சு இறுதியில் கல்கத்தாவில் கப்பலேறினார்கள். அக்கப்பல் நம் சென்னையில் ஒரு நாள் நின்று, பின் இலங்கைக்கும், அப்பால் மொரீஷியசுக்கும் சென்றது. ஊர்தோறும் இருமலோடு மேடையேறிச் சிரிக்க வைத்தவரின் உள்ளத்தில் இரண்டு கணக்குகள் ஓடிக்கொண்டிருந்தன: தீர்ந்த கடன் எவ்வளவு, பெண்களைக் காண இன்னும் நாள் எத்தனை.

ஜூலை இறுதியில் இங்கிலாந்தை அடைந்தார்கள். பெண்கள் இருவரும் அங்கு வந்து சேரவேண்டிய நேரத்தில், சூசிக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தது. லிவியும் கிளாராவும் உடனே கப்பலேறினார்கள். ஹார்ட்ஃபர்டில் நண்பர்களிடம் வந்திருந்த சூசியை, ஐந்தாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அந்தப் பழைய வீட்டையே திறந்து கிடத்தியிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் கண்பார்வையைப் பறித்தது. நெடுங்காலப் பணிப்பெண் கேட்டி லியரியின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, அம்மா என்று அழைத்தாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், இருபத்து நான்காம் வயதில் அவள் உயிர் நீங்கிற்று. தாய் நடுக்கடலில் இருந்தாள். தந்தை இங்கிலாந்தில் தனித்திருந்தபோது தந்தி வந்தது.

1898-க்குள் கடன் முழுவதும் தீர்ந்தது. ஒரு செப்புக்காசும் பாக்கியின்றிக் கொடுத்தார் என்று நாடெங்கும் புகழ்ந்தார்கள். ஆனால் ஹார்ட்ஃபர்ட் வீட்டில் மீண்டும் குடியேற லிவிக்கு மனம் துணியவில்லை. 1903-இல் அதை விற்றுவிட்டார்கள்.

லிவியின் இதயம் நலிந்தது. கணவரின் படபடப்பு நோயாளிக்கு ஆகாதென்று மருத்துவர்கள் அவரை அறைக்குள் விடவில்லை. நாளுக்குச் சில நிமிடங்களே பார்க்க முடிந்தது; மற்ற நேரமெல்லாம் ஒரே வீட்டுக்குள் சிறு சீட்டுகள் எழுதி அனுப்பிக்கொண்டனர். இத்தாலியின் தட்பவெப்பம் நலந்தரும் என்று ஃபுளோரன்ஸ் நகருக்குச் சென்றார்கள். 1904-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் மாலை, சூசி மறைந்தபின் தொடாதிருந்த பியானோவின் முன் அமர்ந்து, தாம் இளமையில் கேட்டறிந்த கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களை ட்வெயின் பாடினார். கீழே லிவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவு விடை சொல்லி வர அவர் இறங்கிச் சென்றபோது மனைவியின் உயிர் பிரிந்திருந்தது. மறு ஆண்டு வெளிவந்த ‘ஏவாளின் நாட்குறிப்பு’ என்னும் சிறுகதையை லிவிக்கு எழுப்பிய கல்லறை வாசகமாகவே கற்றோர் கருதுகின்றனர்.

இளையவள் ஜீன் வலிப்பு நோயால் ஆண்டுகள் சில மருத்துவ இல்லங்களில் கழித்து, 1909-இல் தந்தையிடம் திரும்பினாள். அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் காலை, கிறிஸ்துமஸ் மரத்தை அழகுபடுத்தி எல்லோருக்கும் பரிசுகள் கட்டிவைத்த நிலையில், குளியல் தொட்டியில் வலிப்பு கண்டு இறந்தாள். மணமாகி அயல்நாடு சென்றிருந்த கிளாரா ஒருத்தியே எஞ்சினாள். நான்கு திங்கள் கழித்து, 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ட்வெயின் கண் மூடினார். அவரும் மனைவியும் மக்களும் எல்மைராவில் ஒரே இடுகாட்டில் உறங்குகின்றனர். ஹார்ட்ஃபர்ட் வீடு பல கை மாறி, இடிபடும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, இன்று காட்சியகமாக நிற்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து எளிய நீதி ஒன்றை எடுத்து நீட்ட நமக்கு மனமில்லை. கடனைத் தீர்க்கப் போனது தவறா? அன்று, அது அறம். பெண்ணைப் பிரிந்து போனதால்தான் அவள் இறந்தாளா? அதுவும் இல்லை, உடனிருந்திருந்தாலும் அந்நாளைய மருத்துவம் அந்நோயை வென்றிராது. ஆயினும் உடனிருக்கவில்லையே என்னும் கணக்கு மட்டும் அப்பெற்றோருக்கு இறுதிவரை தீரவில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, பெற்றோரையோ பிள்ளைகளையோ தொலைவில் விட்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு அயலானதன்று.

ஆனால் அவ்வீட்டில் சேர்த்த செல்வம் ஒன்று அழியாமல் இருக்கிறது. அது சூசியின் ஏடு. நம் இல்லங்களிலும் பிள்ளைகள், அயல்மொழிப் பள்ளியில் பயின்றுகொண்டே, ஊரிலிருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் நாலு வரி எழுத முயல்கிறார்கள். றகர ரகரம் மாறியிருக்கும், ஒற்று விட்டுப்போயிருக்கும். அப்போது சிவப்பு மையைக் கையில் எடுக்குமுன், ட்வெயின் ஒரு பிழையையும் திருத்தாமல் காத்த அந்த ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் சொல்லித் தர வேறு நாள் கிடைக்கும். அந்தக் கடிதத்தை அப்படியே உறையிலிட்டு அனுப்பிவிடுங்கள். முடியுமானால் ஒரு படி எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.